கன்னிமார் வரிசையில் எட்டாவது கல்

1

நான் உட்காரும் ஜன்னலுக்கு வாரத்தில் நான்கைந்து பேராவது செத்துப்போனவர்களைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே மாவட்டப் பதிவு அலுவலகத்தில் எனக்கு வேலை. பிறப்பு, இறப்பு, கல்யாணம், பழைய சொத்து வழக்கு எல்லாம் அடித்தளத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். சீட்டு எழுதிக் கொடுத்தால் இறங்கிப் போய் எடுத்துவந்து கொடுப்பேன். பத்தொன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு.

வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். கொள்ளுத்தாத்தாவின் அப்பா எந்தக் கப்பலில் வந்தார், உள்நாட்டுப் போரில் எந்தப் படையில் நின்றார், எந்த வருஷம் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று கேட்பார்கள். கிடைத்துவிட்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முதல் ஒரு வருஷம் இவர்களை நான் நம்பவே இல்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் பிறந்தவளால் எப்படி நம்ப முடியும்? நம்மூரில் ஒருவன் வந்து உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் என்ன என்று கேட்டால், அவனுக்குப் பின்னாலேயே வக்கீல் வருகிறார் என்று அர்த்தம். வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது மட்டும்தான் நாம் செத்தவர்களைத் தேடுவோம்.

போன வாரம் வந்த ஒரு கிழவர், தன் முன்னோரின் கல்யாணப் பதிவு கிடைத்த சந்தோஷத்தில் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். உங்கள் முன்னோர்களை நீங்கள் தேடியதுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். இன்னொருத்தர் முன்னோரை ஒளித்துவைத்ததுண்டு என்று வாய்வரை வந்தது. அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

2

என் சம்பந்தியம்மாள் பெயர் லிண்டா. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். அவள் மகன் ஈத்தன் என் மகள் நித்யாவைக் கட்டியிருக்கிறான். இருவரும் கல்லூரியில் பழகிய கதையை நித்யா சொன்ன அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியது. அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "நீ தமிழா? கீழ்பென்னாத்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறதா?" என்பதாம். எந்தப் பையன் ஒரு பெண்ணிடம் இப்படிப் பேச்சைத் தொடங்குவான்? மாப்பிள்ளை என் மகளைப் பார்ப்பதற்கு முன்பே என் ஊரைப் பார்த்துவைத்திருக்கிறான்.

காரணம் ஒரு கடிதம் என்றார்கள். லிண்டாவின் அம்மாவுக்குக் கொள்ளுத்தாத்தா எலியாஸ் என்று ஒருவர். கல்தச்சர். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சண்டை போட்டு, உயிரோடு ஊர் திரும்பி, ஹன்னா என்ற பெண்ணைக் கட்டினார். 1870ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கில் இருவர் பெயரும் ஒரே வீட்டில் இருக்கிறது. அப்புறம் ஏதோ ஒரு மிஷன், ஆற்காட்டுச் சீமையில் கட்டட வேலைக்குக் கல்தச்சர் வேண்டும் என்று கேட்க, மனைவியோடு கப்பலேறிவிட்டார். அங்கே ரூத் என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஹன்னா தன் அக்காவுக்கு எழுதி அனுப்பாமலே விட்டு, பின்னால் எலியாஸ் கொண்டுவந்த பெட்டியில் கிடந்த கடிதத்தில் கீழ்பென்னாத்தூர் என்ற பெயர், ஓர் ஏரிக்கரை, தென்மேற்கில் தெரியும் மலை எல்லாம் வருகின்றன.

அதற்கப்புறம் வந்தது தாது வருஷப் பஞ்சம். நம் பக்கத்தில் இன்றைக்கும் சோற்றை இறைத்தால், தாது வருஷத்தை மறந்துட்டியா என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 1880ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் எலியாஸ் மட்டும் ஒஹாயோவில் ஒரு வாடகை அறையில் இருக்கிறார். மனைவியை இழந்தவர் என்று எழுதியிருக்கிறது. பின்னால் அவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். அந்த வழியில் வந்தவள் லிண்டா.

ஒஹாயோவில் ஊர் அவரை நம்பவில்லை. பெண்டாட்டி பிள்ளையைப் பஞ்சத்தில் விட்டுவிட்டுத் தப்பி வந்தவன் என்றது. முதல் மனைவி அங்கே உயிரோடிருக்க இவன் இரண்டாவது கட்டியிருக்கிறான், பிறந்ததெல்லாம் முறை தவறிப் பிறந்தது என்றது. அந்தப் பேச்சு லிண்டாவின் அம்மாவை அவள் கல்யாணப் பேச்சுவரை துரத்தியிருக்கிறது.

"என் அம்மாவுக்குத் தொண்ணூற்று நான்கு வயது, வசந்தா," என்றாள் லிண்டா. "எலியாஸ் அவர்களைக் கைவிடவில்லை என்பதற்கு ஒரே ஒரு சான்று கிடைத்தால் போதும். அவள் இருக்கும்போதே அவள் காதில் சொல்லிவிடுவேன்."

நான் தலையாட்டினேன். ஒரு சொல்லையும் நம்பவில்லை. நூற்றைம்பது வருஷத்துப் பழியைத் துடைக்க யாராவது விமானச் சீட்டு வாங்குவார்களா? இதில் நிலம் இருக்கிறது என்று முடிவுகட்டினேன்.

அப்படி நினைக்க எனக்குத் தனிக் காரணம் உண்டு. எங்கள் நிலம் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது. அதன் ஓரத்தில் கன்னிமார் கற்கள் ஏழு. பக்கத்தில் எட்டாவதாக ஒரு கல், மற்றதைவிட உயரம், பலகைபோலச் செதுக்கியது. அது கன்னிமாருக்குக் காவல் நிற்கும் அண்ணன் என்பார்கள். ஆடி மாதம் பொங்கல் வைக்கும்போது எட்டுக்கும் மஞ்சள் பூசுவோம். பத்து வயதில் நான் ஆர்வக்கோளாறில் அந்தக் கல்லின் பின்பக்கமும் மஞ்சள் பூசினேன். வேலி முள் கையைக் கீறியது. விரலுக்கு எழுத்து தட்டுப்பட்டது. முதல் எழுத்து, இரண்டு கம்புக்கு நடுவே ஒரு குறுக்குக் கம்பு. அதே வரியின் கடைசியிலும் அதே எழுத்து. லிண்டா தாளில் ஹன்னா என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டியபோது முதலிலும் கடைசியிலும் அதே எழுத்து நின்றது.

3

அப்பாவின் தெவசத்துக்கு நான் தை மாதம் ஊருக்குப் போவது வழக்கம். போன வருஷம் லிண்டாவும் வருகிறேன் என்றாள். நித்யா அவளுக்காகப் பரிந்து பேசினாள்.

"கூட்டிட்டுப் போம்மா. நீ இல்லாட்டி அவங்களுக்கு யாரு ட்ரான்ஸ்லேட் பண்ணுவா?"

"எனக்கென்னவோ சரியா படல."

"உனக்கு எதுதான் சரியா பட்டிருக்கு? என் ஸ்கூல் பஸ் டிரைவரையே நீ ரெண்டு வருஷம் சந்தேகப்பட்டே."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு என் மகள் இப்போதெல்லாம் லிண்டா வீட்டுக்குத்தான் போகிறாள். இங்கே வந்தால் அம்மா எதையாவது கிளறுவாள் என்பது அவள் கணக்கு. அவளை மேலும் இழக்க எனக்குத் தெம்பில்லை. சரி என்றேன்.

திருவண்ணாமலையில் லிண்டாவுக்கு ஒரு லாட்ஜில் அறை போட்டேன். தம்பி ஏழுமலையின் வீட்டில் தங்கவைத்தால் நிலத்துக்கு நடந்தே போய்விடுவாள் என்ற பயம். ஊரில் வெள்ளைக்காரர்களைப் பார்த்துப் பழகியவர்கள் நம் ஆட்டோக்காரர்கள். லிண்டா வெளியே காலை வைத்ததுமே, "ஆசிரமமா மேடம்?" என்றார்கள். இல்லை, பழைய பதிவேடு பார்க்கணும் என்று நான் சொன்னால் சிரித்தார்கள். ஞானம் தேடி வருகிற வெள்ளைக்காரியை நம்புவார்கள். கல்தச்சரைத் தேடி வருகிறவளை நம்ப மாட்டார்கள். அந்த விஷயத்தில் நானும் ஆட்டோக்காரர்கள் கட்சி.

இரண்டு நாள் அலுவலகங்களுக்கு அலைந்தோம். ஒரு இடத்தில் இருந்த ஊழியர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தாது வருஷமா? அம்மா, கம்ப்யூட்டர்ல ஏத்துனதுக்கு முந்தி எதுவும் எங்ககிட்ட கெடையாது. அது சரி, எதுக்கு கேக்கறாங்க? நெலத்துக்கா?"

"செத்தவங்களுக்காக."

"செத்தவங்களுக்கு எதுக்கும்மா சர்வே நம்பரு?"

நல்ல கேள்வி என்று தோன்றியது. பழைய தேவாலயம் ஒன்றில் அடக்கப் பதிவேட்டைக் காட்டினார்கள். தாது வருஷத்துப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. லிண்டா அந்தப் பொடியைக்கூடத் தட்டிவிடாமல் மெதுவாக மூடி வைத்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பற்றி எனக்கே சந்தேகம் வந்த முதல் இடம்.

4

மூன்றாம் நாள் அவளைத் தடுக்க முடியவில்லை. ஊரைப் பார்க்க வேண்டும் என்றாள். ஏழுமலைக்கு முன்கூட்டியே போன் செய்தேன். அவன் பதறினான்.

"இன்னாக்கா நீ, பாம்ப புடிச்சி மடியில வுட்டுக்கற? நெலத்துல சமாதி இருக்குதுன்னு ஒருத்தன் எழுதிட்டா அந்த எடம் பொறம்போக்கு. ஒரு தடவ அப்டி எழுதிட்டா நம்ம பேரன் காலம் வரிக்கும் ஆபீசுக்கு நடக்கணும். பக்கத்தூர்ல ஒருத்தன் நடக்கறான், பாத்துக்கினுதான இருக்கேன்."

"நான் பாத்துக்கறேன்டா. நீ வாயத் தொறக்காத."

"நான் தொறக்கல. பெருமாள் மாமா வாய யாரு மூடறது?"

அவன் பயந்தபடியே ஆயிற்று. நாங்கள் காரைவிட்டு இறங்கியதும் பெருமாள் மாமா துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டார். அப்பாவுக்குச் சினேகிதர், எண்பதைத் தாண்டியவர். லிண்டா கைகூப்பி, இந்த ஊரில் பழைய வெள்ளைக்காரக் கல்லறை ஏதாவது உண்டா என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். அதுவரை ஒழுங்காகத்தான் சொன்னேன்.

"தொர சமாதியெல்லாம் இங்க கெடையாதுங்க," என்றார் மாமா. "ஆனா ஏழுமல நெலத்துல கன்னிமாரு கல்லு இருக்குது பாருங்க, அதுல ஒன்னு மட்டும் சீரா செதுக்கின கல்லு. பின்னால ஏதோ இங்கிலீஸ் எழுத்து இருக்குதுன்னு எங்கப்பாரு சொல்லுவாரு. பஞ்சத்துல செத்த ஒரு தாயும் புள்ளயும்னு ஒரு பேச்சு."

லிண்டா என் முகத்தைப் பார்த்தாள். குறிப்பேடும் பேனாவும் கையில் தயாராக இருந்தன.

"இங்கே கல்லறை எதுவும் இல்லையாம்," என்றேன். "இந்த வருஷம் கடலை விளைச்சல் கம்மி என்கிறார்."

அவள் அதை எழுதிக்கொண்டாள். கடலை விளைச்சலையும் சேர்த்து எழுதினாள். பெருமாள் மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் தான் பேசியதன் நீளத்துக்கும் நான் சொன்னதன் நீளத்துக்கும் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான் அவரைக் கூப்பிடவில்லை.

நிலத்துக்கும் போனோம். ஏழுமலை அவித்த கடலையைத் தட்டில் கொண்டுவந்து நீட்டினான். உபசாரம் தேவைக்கு மேல் ஜாஸ்தியாகவே இருந்தது. லிண்டா ஏரிக்கரையைப் பார்த்தாள், தென்மேற்கே மலையைப் பார்த்தாள். கடிதத்தில் இருப்பது போலவே இருக்கிறது என்றாள். பிறகு கன்னிமார் பக்கம் திரும்பினாள்.

"இவை என்ன?"

"சாமி."

"அந்த ஒன்று மட்டும் ஏன் உயரம்?"

"அது காவல்காரர். எல்லா ஊரிலும் உண்டு."

அவள் செருப்பைக் கழற்றினாள். நான் சொல்லாமலே கழற்றினாள். மண்ணில் நின்று தலையைக் கொஞ்சம் குனிந்தாள். கல்லின் பின்பக்கம் வேலிமுள்ளை ஒட்டி இருந்தது. இரண்டடி வைத்து எட்டிப் பார்த்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சாமி கல்லைத் தொடக்கூடாது, சுற்றி வரக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, எட்டியே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள். காரில் ஏறியதும், "உங்களை இவ்வளவு அலையவைத்துவிட்டேன், மன்னியுங்கள் வசந்தா," என்றாள். நான் பரவாயில்லை என்றேன்.

5

திரும்பி வந்தபிறகும் எனக்கு ஆறவில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது சரிதான். லிண்டா சொன்னது பொய் என்று நிரூபித்துவிட்டால் என் பொய்க்கு ஒரு நியாயம் கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன்.

எலியாஸ் பெயரில் லிண்டா ஏற்கெனவே தேடியிருந்தாள். எனக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம். பெண் சம்பந்தப்பட்ட வழக்கு அவள் அப்பன் பெயரில்தான் கிடக்கும், எந்த நாடானாலும். ஹன்னாவின் அப்பா பெயரில் தேடினேன். மூன்றாம் நாள், தவறான வருஷத்துப் பெட்டியில், நாடா கட்டிய ஒரு கட்டு அகப்பட்டது. ஹன்னாவின் அப்பா செத்தபிறகு நடந்த சொத்து வழக்கு. பார்த்தீர்களா, நிலம் இருக்கிறது என்று நான் நினைத்தது வீண்போகவில்லை. ஆனால் அது நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தைய நிலம். மனைவியின் பங்கை எலியாஸ் கேட்டிருக்கிறார். அவள் செத்ததற்கு என்ன சாட்சி என்று மைத்துனர்கள் எதிர்த்திருக்கிறார்கள்.

எலியாஸ் சத்தியம் செய்து சொன்ன வாக்குமூலம் நான்கு பக்கம். எனக்கு மனப்பாடமாகிவிட்ட பகுதி இது. ஹன்னாவும் ரூத்தும் மூன்று நாள் இடைவெளியில் வாந்திபேதியில் போனார்கள். ஏரிக்கரைக்குக் கீழே ஒரு குடியானவர் தன் நிலத்தின் ஓரத்தில் இடம் கொடுத்தார். அவர் வீட்டிலும் அன்றைக்குச் சோறில்லை. கல்லை நானே செதுக்கினேன். நான் கிளம்பும்போது அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, வருஷா வருஷம் இவர்களைக் கவனித்துக்கொள்கிறோம் என்று சொன்னார்.

அதன்பின் எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்விகள். அந்தக் குடியானவரின் பெயர் என்ன? தெரியாது. அவரைச் சாட்சிக்கு வரவழைக்க முடியுமா? முடியாது. அந்தக் கல்லைப் பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா?

"அவர்கள் இருக்கிறார்கள்," என்று பதில் சொல்லியிருக்கிறார் எலியாஸ்.

நீதிமன்றம் அவரை நம்பவில்லை. வழக்கு தள்ளுபடி.

அடித்தளத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவர்கள் என்று அந்த மனிதர் சொன்னது எங்களைத்தான். சோறில்லாத நாளில் ஒரு வார்த்தை கொடுத்தார்கள், எதற்காகச் செய்கிறோம் என்பதே மறந்துபோன பிறகும் ஆடிக்கு ஆடி மஞ்சள் பூசி அந்த வார்த்தையைக் காப்பாற்றினார்கள். ஒரே ஒரு முறை சாட்சி கேட்டு ஆள் வந்தபோது நான் கடலை விளைச்சல் கம்மி என்றேன்.

6

ஏழுமலைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன்.

"நம்ம பெரியவங்க குடுத்த வாக்காக்கா அது?"

"ஆமாடா."

"அப்ப பொறம்போக்கா ஆனாலும் ஆவட்டும். அந்தம்மாகிட்ட சொல்லிடு. நான் கல்ல எடுத்து கிளீன் பண்ணி போட்டோ அனுப்பறேன்."

அவன் அப்படிச் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. மேற்கொண்டு விசாரிக்கத் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்க எல்லோரையும் சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய ஒரு சொல்லை விட்டுவிட்டேன். கிளீன் பண்ணி என்றானே, அதைக் கேட்டிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. நம்மூர்க் கோயில்களில் மண்டபம் கட்டிக் கொடுத்தவர் பெயரை வெட்டி வைப்பார்களே, அதுமாதிரி பளபளவென்று ஒரு கல். ஆசிட் ஊற்றித் தேய்த்து, மேல்விளிம்பை நேராக வெட்டி, எழுத்துகளை ஆழமாக மறுபடி கொத்தி, கறுப்பு பெயின்ட் அடைத்திருந்தார்கள். ஹன்னா, ரூத், எலியாஸின் மனைவியும் மகளும், வருஷம், எல்லாம் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே தமிழில் 'உபயம்: க. ஏழுமலை குடும்பத்தார்' என்று இருந்தது.

"டவுன்லேர்ந்து நல்ல கல்தச்சரா கூட்டியாந்தேன்கா. கோயில் வேல செய்றவரு. உபயம் அவரே போட்டுக் குடுத்தாரு, போடாம எப்டி வுடறதுன்னு. எப்டி இருக்குது?"

உடனே போன் போட்டேன். "முன்னாடி இருந்தத போட்டோ எடுத்தியாடா?"

"அழுக்கா, எண்ணப் பிசுக்கா இருந்துச்சிக்கா. அத எதுக்கு எடுக்கறது?"

"அந்த எழுத்து அவரு கையால செதுக்கினதுடா."

"தெரியும்கா. அதான் அழிஞ்சி போகாம அதும் மேலயே கொத்தச் சொன்னேன்."

அவன் மேல் கோபப்பட முடியவில்லை. செத்தவர்களுக்கு நம்மால் முடிந்த பெரிய மரியாதையைச் செய்திருந்தான். நானே ஊரில் இருந்திருந்தாலும் ஒருவேளை அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.

7

லிண்டாவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். காப்பி கொடுத்தேன். முதலில் நான் பொய் சொன்னதைச் சொன்னேன். பெருமாள் மாமா உண்மையில் என்ன பேசினார் என்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பத்து வயதில் விரலில் எழுத்து தட்டுப்பட்டதைச் சொன்னேன். அவள் கோப்பையைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வாக்குமூலத்தின் நகலைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். அதன்பிறகு கல்லின் படத்தைக் காட்டினேன்.

விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். தன் போனை எடுத்து, தை மாதம் தான் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தாள். அதில் கல்லின் தலை உருண்டையாக இருந்தது. இதில் நேராக இருந்தது. கீழே இருந்த தமிழ் வரியைத் தொட்டு, இது என்ன என்றாள். கொடுத்தவர் பெயர் என்றேன். அப்படிச் சொல்லும்போதே என் காதுக்கே அது எப்படி ஒலித்தது என்று எனக்குத் தெரியும்.

கல்தச்சர், ஆசிட், பெயின்ட், தம்பியின் பக்தி எல்லாவற்றையும் விளக்கினேன். விவரம் கூடக் கூட நானே புளுகுவது போலிருந்தது. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து காரணம் சொல்லும் பிள்ளைகளை முப்பது வருஷம் பார்த்தவள் அவள். அவர்களிடம் பேசியிருக்கக்கூடிய அதே மென்மையான குரலில் கேட்டாள்.

"வசந்தா, இந்த வாக்குமூலம் உங்களுக்கு எப்போது கிடைத்தது?"

"பிப்ரவரியில். இரண்டு மாதத்துக்கு முன்னால்."

"கல்லை எப்போது செதுக்கினார்கள்?"

"செதுக்கவில்லை லிண்டா. ஏற்கெனவே இருந்ததன் மேல்..."

அவள் என் கையை லேசாகத் தட்டினாள். "நீங்கள் எனக்கு ஆறுதல் கொடுக்க நினைத்திருக்கிறீர்கள். உங்கள் தம்பிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். மிக அழகாகச் செய்திருக்கிறார்." வாசலில் கோட்டை மாட்டும்போது சொன்னாள்: "அம்மாவிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அந்த வாக்குமூலம் எலியாஸ் சொன்னது மட்டும்தான், அதை நீதிமன்றமே நம்பவில்லை. எனக்கே நிச்சயமாகத் தெரியாத ஒன்றை இந்த வயதில் அவளிடம் சொல்வது சரியில்லை."

அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கல்லைப் பார்த்ததுமே சிரித்திருப்பேன். உண்மையைச் சொல்லியும் நம்பப்படாமல் போவது எப்படியிருக்கும் என்று எலியாஸுக்குத் தெரியும். எனக்கும் இப்போது தெரியும். ஒரு வித்தியாசம், அவர் அதற்கு முன் பொய் சொன்னவர் இல்லை.

நித்யா விஷயத்தைக் கேள்விப்பட்டு, "ஏம்மா இப்படிச் செஞ்சே?" என்று மட்டும் கேட்டாள். எதை என்று நான் கேட்கவில்லை.

வைகாசியில் லிண்டாவின் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். அடக்கத்துக்குப் போயிருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாதிரியார் அந்தக் குடும்பத்தின் கதையை நான்கு தலைமுறைக்குச் சொன்னார். எலியாஸ் பெயரை அவர் சொல்லவில்லை.

ஆடியில் கன்னிமாருக்குப் பொங்கல் வைத்த அன்று ஏழுமலை போன் செய்தான். ஊரே வந்து அந்தக் கல்லைப் பார்த்ததாம். பெருமாள் மாமா தாயும் பிள்ளையும் என்று எல்லோருக்கும் எடுத்துச் சொன்னாராம். புறம்போக்கு பற்றி இதுவரை யாரும் வந்து கேட்கவில்லையாம்.

"ஏன்கா, அந்தம்மாவோட அம்மா, தொண்ணூறு தாண்டினவங்க இருக்கறாங்கன்னியே, அவங்ககிட்ட சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்கடா."

"இன்னா சொன்னாங்க?"

"அழுதாங்க. நம்ம குடும்பம் நல்லா இருக்கணும்னு சொன்னாங்க."

அவன் போனைக் கையால் மூடிக்கொண்டு, "அழுதாங்களாம் தேவகி!" என்று பெண்டாட்டியிடம் கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. என்னிடம் வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.